வக்கீல், எம்.எல்.ஏ., மந்திரி, நீதிபதி: கிருஷ்ணய்யரின் அரசியல் காலத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி: மூன்றாமாண்டு மாணவன்

வணக்கம். சென்னையில் சட்டம் படிக்கிறேன். அரசமைப்புச் சட்ட வகுப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பெயர் வந்துவிடுகிறது. சிறைக் கைதிகள், ஜாமீன், ஆளுநர் அதிகாரம், கைவிலங்கு என்று எதை எடுத்தாலும் அவர்தான். ஆனால் அவர் 1952இல் நம் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர் என்பதைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

அந்த அரசியல் காலத்தில் அவர் உண்மையில் என்ன செய்தார்? தேர்தலில் நின்று, மந்திரியாகவும் இருந்த ஒருவர் நீதிபதி ஆவது சரியா? என் வகுப்பு நண்பன், இன்றைக்கு இப்படி ஒரு நியமனம் நடந்தால் நாமே கொடி பிடிப்போம் என்கிறான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சொந்த விஷயமும் ஒன்று இருக்கிறது. எங்கள் மாமா ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறார். படிப்பு முடிந்ததும் உள்ளாட்சித் தேர்தலில் நில் என்கிறார். பேராசிரியர், அரசியலுக்குப் போனால் வக்கீல் தொழில் கெட்டுவிடும் என்கிறார். தொழிலில் இருக்கும் பெரியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கரிசல் காடு

உங்கள் நண்பன் கேட்டது நியாயம்தான். அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த நேரத்தைப் பாருங்கள். 1973 ஜூலை. அந்த ஏப்ரல் 24இல்தான், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது. மறுநாளே மூன்று மூத்த நீதிபதிகளை ஒதுக்கிவிட்டு ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். மக்களவையில் அதை நியாயப்படுத்திப் பேசியவர் அப்போதைய மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலம். அவரும் வக்கீல், நம் சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். நீதிபதியின் சமூகப் பார்வை என்ன என்று பார்த்து நியமிக்க வேண்டும் என்ற பேச்சு நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியில் மந்திரியாக இருந்தவரைக் கொண்டுவந்தால் சந்தேகம் வராதா? பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். அவர் பின்னால் நன்றாக எழுதினார் என்பதற்காக வந்த வழி சரியாகிவிடாது. அடுத்த முறை அதே வழியில் வருகிறவர் கிருஷ்ணய்யராக இருப்பார் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

பதில்: பொள்ளாச்சி வக்கீல்

தம்பி, நான் கிரிமினல் பக்கம் தொழில் செய்கிறவன். பெரும்பாலும் ஜாமீன் வழக்குகள். கிருஷ்ணய்யரை நான் படித்தது கல்லூரியில் இல்லை, கோர்ட்டில் மாட்டிக்கொண்டபோதுதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு வைத்தியநாதபுரத்துத் தமிழ்க் குடும்பம். அப்பாவும் வக்கீல். பாலக்காடு விக்டோரியா கல்லூரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அப்புறம் சென்னை சட்டக் கல்லூரி என்று படித்துவிட்டு 1930களின் கடைசியில் தலச்சேரியில் கோட்டு போட்டார். மலபாரில் அது விவசாயிகள் போராட்டக் காலம். குத்தகைதாரர்களும் தொழிற்சங்கக்காரர்களும் அவரைத் தேடி வந்தார்கள். 1948இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று சொல்லி அவரையே பிடித்து ஒரு மாதம் போலச் சிறையில் வைத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலாக வெளியே நின்று மனு போடுகிறவனுக்கு ஜெயில் என்றால் ஒரு முகவரி, அவ்வளவுதான். அவர் அதற்குள் படுத்து எழுந்தவர்.

1952இல் கூத்துப்பறம்பு தொகுதியில் சுயேச்சையாக நின்று சென்னை சட்டமன்றத்துக்கு வந்தார். மலபார் அப்போது சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்திருந்தது. ராஜாஜி முதல்வர், 1954இல் காமராஜர். 1956 நவம்பர் 1இல் மாநிலங்களைப் பிரித்தபோது மலபார் கேரளத்தோடு போனது. 1957இல் தலச்சேரியில் கம்யூனிஸ்ட் ஆதரவோடு சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5. அந்த ஐந்து பேரை வைத்துத்தான் ஆட்சியே அமைந்தது. அவருக்கு சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் என்று ஒரு கட்டுத் துறைகள் கொடுத்தார்கள்.

இதில் சிறைத்துறைதான் எனக்கு முக்கியம். ஒன்பது வருடம் முன்னால் கைதியாக உள்ளே இருந்தவர் இப்போது அதே துறைக்கு மந்திரி. ஜெயில் சீர்திருத்தம் தொடங்கினார். ஏழைகளுக்கு அரசு செலவில் வக்கீல் வைக்க விதிகள் கொண்டுவந்தார். கூடுதல் கோர்ட்டுகள் திறந்தார். ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காப்பகங்கள் அமைத்தார். கோர்ட்டில் ஒரு நல்ல உத்தரவு வாங்கினால் வழக்குப் போட்ட அந்த ஒருவனுக்கு நன்மை. விதியை மாற்றினால் பெயர் தெரியாத ஆயிரம் பேருக்கு நன்மை. ஆனால் விதியை எழுதிவைத்த பிறகும் வார்டன் பழைய மாதிரியே நடந்துகொள்வான் என்பது மந்திரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். கோப்பில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஆனால் கொட்டடிக்குள் எதுவும் மாறவில்லை. அந்த இடைவெளியைப் பார்த்த அனுபவம்தான் அவருடைய சிறைத் தீர்ப்புகளில் பேசுகிறது.

சுனில் பத்ரா வழக்கை முழுதாகப் படியுங்கள். தில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த பத்ரா, இன்னொரு கைதியை வார்டன் சித்திரவதை செய்ததைப் பற்றி ஒரு நீதிபதிக்குக் கடிதம் எழுதுகிறார். கைதியைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் பணம் பிடுங்குவதற்காக நடந்த சித்திரவதை அது. உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு, வழக்கறிஞர்களை சிறைக்குள் அனுப்பி விசாரிக்கச் சொன்னது. 1979 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பில் கிருஷ்ணய்யர், தப்பு என்று சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. கைதிகள் புகார் போட பெட்டி வைக்க வேண்டும், ஜில்லா நீதிபதிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கைதிகளின் உரிமைகளைக் கையேடாக அவர்கள் மொழியிலேயே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று இறங்கிவிடுகிறார். ஒரு நிர்வாகி கோப்பு எழுதுகிற மாதிரி இருக்கும். சட்டம் மட்டுமே படித்தவருக்குப் புகார்ப் பெட்டிக்குப் பூட்டு யாரிடம் இருக்க வேண்டும் என்கிற யோசனை வராது.

அடுத்து ஜாமீன். 1978இல் மோதிராம் வழக்கு. மோதிராம் ஒரு கொத்தனார். ஜாமீன் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் கீழ்க்கோர்ட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அவருடைய அண்ணன் தம்பி வந்து நின்றால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டது. கிருஷ்ணய்யர் அதை ரத்து செய்து, 1,000 ரூபாய்க்கு சொந்தப் பிணையில் விடச் சொன்னார். பணக்காரனுக்கு ஜாமீன், ஏழைக்கு ஜெயில் என்று ஆக்கிவிடாதீர்கள் என்பதுதான் சாரம்.

இது எங்கள் ஊரில் இன்றும் நடக்கிறது. தென்னை நார் மில்களில் வேலை செய்யும் வடமாநிலத்துப் பையன்கள் ஏதாவது அடிதடியில் மாட்டினால் ஜாமீன் உத்தரவு சீக்கிரமே கிடைத்துவிடும். அப்புறம்தான் வேதனை. உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர், வீட்டு வரி ரசீது, வி.ஏ.ஓ. சான்று, ரேஷன் கார்டு நகல். ஜார்கண்டிலிருந்து வந்தவனுக்கு இங்கே வீட்டு வரி கட்டுகிற சொந்தக்காரன் யார் இருக்கிறான்? ஒரு பையனின் அப்பா ஊரில் நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மூன்று ரயில் மாறி வந்தார். அது வேறு மாநிலத்துச் சொத்து என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மோதிராம் தீர்ப்பை நகல் எடுத்து மனுவோடு சேர்த்துப் போட்டேன். அடுத்த வாய்தாவில் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பெரியவர் பையனைக் கூட்டிக்கொண்டு போனார். கூத்துப்பறம்பில் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக நடந்தவர்தான் இப்படி ஒரு தீர்ப்பை எழுத முடியும் என்று நான் முழுசாக நம்புகிறேன். யாரிடம் பத்திரம் இருக்கும், யாரிடம் இருக்காது என்பதை அந்த நடை சொல்லிக்கொடுக்கும்.

இனி, நண்பன் கேட்ட நடுநிலை விஷயம். 1959 ஜூலை 31இல் ஈ.எம்.எஸ். அரசை மத்திய அரசு கலைத்தது. அப்போது காங்கிரஸ் தலைவர் இந்திரா காந்தி, கலைக்க வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தவர். கிருஷ்ணய்யர் பதவி போய் மறுபடி கோர்ட்டுக்கு வந்தார். 1960 தேர்தலில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். சும்மா இருக்கவில்லை, தேர்தல் மனு போட்டார். வாக்குகளைச் சரிபார்த்த பிறகு அவர்தான் வென்றவர் என்று தீர்ப்பாகி மறுபடி சட்டமன்றத்துக்குப் போனார். 1965இல் தோற்ற பிறகு தேர்தல் பக்கம் போகவில்லை. 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார்.

இப்போது 1975க்கு வாருங்கள். ஜூன் 12இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, இந்திராவின் தேர்தல் செல்லாது என்கிறார். மேல்முறையீடு வரும்போது உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக் கால நீதிபதி யார்? கிருஷ்ணய்யர். பதினாறு வருடம் முன்னால் தன் அமைச்சரவையைக் கலைக்கச் சொன்னவர் இப்போது தன் முன்னால் மனுதாரர். அதுவும் தேர்தல் வழக்கு, தானே மனுதாரராக நின்ற அதே வகை வழக்கு. சட்ட அமைச்சர் கோகலே போனில் நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டார். இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இந்திராவுக்காகப் பல்கிவாலா, அவரை எதிர்த்துத் தேர்தல் வழக்குப் போட்ட ராஜ் நாராயணுக்காகச் சாந்தி பூஷண் வாதாடினார்கள். ஜூன் 24இல் உத்தரவு. இந்திரா பிரதமராகத் தொடரலாம், அவைக்கு வரலாம், பேசலாம். ஆனால் எம்.பி.யாக ஓட்டுப் போடக் கூடாது, எம்.பி. சம்பளம் வாங்கக் கூடாது. அலகாபாத் தீர்ப்புக்கு முழுத் தடை கேட்டவருக்கும் அது கிடைக்கவில்லை, தடையே கூடாது என்றவருக்கும் அது கிடைக்கவில்லை. தேர்தல் மேல்முறையீடுகளில் வழக்கமாகக் கொடுக்கும் நிபந்தனைத் தடை எதுவோ அதையே பிரதமருக்கும் கொடுத்தார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. பழிவாங்க நினைத்திருந்தால் இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்குக் கிடைத்திருக்காது. அரசுக்கு வேண்டியவராக நடக்க நினைத்திருந்தாலும் இதுதான் சந்தர்ப்பம். இரண்டையும் அவர் தொடவில்லை. கரிசல் காடு அண்ணனுக்கு என் பதில் இந்த ஒரு உத்தரவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவருடைய தம்பி வி.ஆர். லட்சுமிநாராயணன் நம் தமிழ்நாட்டில் டி.ஜி.பி.யாக இருந்தவர். 1977 அக்டோபரில் சி.பி.ஐ.யில் இருந்தபோது இந்திரா காந்தியைக் கைது செய்த அதிகாரி அவர்தான். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர் கையில் ஒரே தலைவரின் விஷயம் வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பதில்: ஆழியாறு பாசனம்

வக்கீல் ஐயா நீர்ப்பாசனத்தை ஒரு வார்த்தையில் கடந்துவிட்டார், விவசாயி என்பதால் நான் சேர்க்கிறேன். தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல். ஆனால் அது நடைமுறைக்கு வந்த தேதி 1958 நவம்பர் 9 என்று போட்டிருக்கிறது. அந்த வருடம் கேரளத்தில் நீர்ப்பாசன மந்திரி கிருஷ்ணய்யர். இந்தப் பக்கம் காமராஜர் ஆட்சி. அங்கே கம்யூனிஸ்ட், இங்கே காங்கிரஸ். ஆனாலும் கையெழுத்துக்குக் காத்திராமல் அணை வேலை நடந்தது. இன்று இரண்டு மாநிலங்களும் ஒரு மதகுக்காகப் படும் பாட்டைப் பார்க்கிறவர்களுக்கு அதன் அருமை புரியும். எங்கள் காட்டுக்கு வாய்க்கால் தண்ணீர் வருவது அந்தத் திட்டத்தில்தான். அரசியல் காலத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பதில்: கரிசல் காடு

1975 உத்தரவு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அந்தத் தொலைபேசி விஷயம் ஒன்றே அவருக்குப் போதும். ஆனால் என் கேள்வி நியமன முறையைப் பற்றியது, அது அப்படியேதான் நிற்கிறது. அப்புறம், அவருடைய ஆங்கிலம். ஒரு வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் அகராதியை எடுக்க வேண்டியிருக்கிறது. கைதிக்காக எழுதிய தீர்ப்பைக் கைதியின் வக்கீலே சிரமப்பட்டுப் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்: பொள்ளாச்சி வக்கீல்

ஆங்கிலத்தைப் பற்றிச் சொன்னது உண்மை அண்ணா. நானும் பென்சிலோடு உட்கார்ந்துதான் படிப்பேன். ஆனால் கடைசிப் பத்திகளுக்கு வந்தால் உத்தரவு துல்லியமாக இருக்கும். யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.

நியமன முறையில் உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆட்சியில் இருப்பவர்கள் தங்கள் ஆளைத் தூக்கி உட்கார வைக்கிற வழி ஆபத்துதான். ஆனால் அதற்கு மருந்து, அரசியல் பக்கமே போகாதவர்களை மட்டும் நீதிபதி ஆக்குவது என்று நான் நினைக்கவில்லை. ஆளுநர் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் சம்ஷேர் சிங் வழக்கு, ஏழு நீதிபதிகள் அமர்வு. பஞ்சாபில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு நீதித்துறை அதிகாரிகளின் வழக்கு அது. ஆளுநர் தன் சொந்த விருப்பப்படி முடிவெடுக்க முடியாது, அமைச்சரவை சொல்படிதான் நடக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கிருஷ்ணய்யர், சக நீதிபதி பகவதிக்கும் சேர்த்துத் தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த அமைச்சரவை ஒரு கையெழுத்தில் கலைந்துபோனதை உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது என்று தெரிந்து படித்தால் அதன் ஒவ்வொரு பத்திக்கும் கனம் கூடுகிறது.

1980இல் மாருராம் வழக்கிலும் அதே கொள்கைதான். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் ஆளுநர் பெயரில் இருந்தாலும் அது அரசின் முடிவு என்று எழுதினார். நம் ஊர் பேரறிவாளன் வழக்கில் தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகையில் கோப்பு கிடந்தது. 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, அமைச்சரவை முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு மாருராமைத்தான் காட்டியது. கேரளத்தில் சிறை மந்திரியாக இருந்தவர் எழுதிய வரி, நாற்பது வருடம் கழித்து நம் ஊரில் ஒரு தாய்க்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது.

பதில்: மூன்றாமாண்டு மாணவன்

எல்லோருக்கும் நன்றி. பொள்ளாச்சி ஐயா, தீர்ப்புகளை இந்த வரிசையில் யாரும் சொல்லித் தரவில்லை. மாமா சொல்வதைப் பற்றி மட்டும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாமா?

பதில்: பொள்ளாச்சி வக்கீல்

நிற்கலாம் தம்பி. ஆனால் முதலில் ஒரு நல்ல சீனியரிடம் சேர்ந்து சில வருடம் கீழ்க்கோர்ட்டில் உழையுங்கள். கிருஷ்ணய்யர் தேர்தலுக்கு வரும்போது பதினைந்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட வக்கீல். ஜனங்கள் அவரை வழக்கு நடத்தியவராக அறிந்திருந்தார்கள், அதனால்தான் சின்னம் பலம் இல்லாமல் சுயேச்சையாகவே ஜெயித்தார். தொழில் இல்லாமல் அரசியலுக்குப் போனால் சாப்பாட்டுக்குக் கட்சியை நம்ப வேண்டிவரும். அப்போது கட்சி சொல்வதுதான் உங்களுக்குச் சட்டம். தொழில் கையில் இருந்தால் பதவி போன மறுநாள் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். 1959 ஆகஸ்டில் அவர் அதைத்தான் செய்தார்.

பஞ்சாயத்தில் நின்று ஜெயித்தால் ரத்லம் நகராட்சி வழக்கைப் படித்துவிட்டு முதல் கூட்டத்துக்குப் போங்கள். அதுவும் 1980, அவர் எழுதியதுதான். சாக்கடை கட்டக் காசில்லை என்று நகராட்சி சொன்னபோது, காசில்லை என்பது காரணம் ஆகாது, கட்டு என்று சொன்ன தீர்ப்பு. உங்கள் ஒன்றியத்துக்கும் அது பொருந்தும்.